சோலார் விளக்குப் பொறி: தாண்டிக்குடி ஏலத்தோட்டத்தில் பத்து மாதம்

ஏலக்காய்த் தண்டுத் துளைப்பானைக் கொன்று ஒழிக்கும் என்று சொல்லி யாராவது இந்த விளக்கை விற்றால் வாங்காதீர்கள். அந்தப் புழுவின் தாய்ப்பூச்சி எந்த வாரத்தில் பறக்கிறது என்று தெரிய வேண்டும், அதற்காக வாரம் இரண்டு இரவு தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்கிறவர்கள் வாங்கலாம். நான் கொல்வதற்காக வாங்கினேன். இப்போது வேவு பார்க்க வைத்திருக்கிறேன்.

கம்பெனி பெயர் போடவில்லை. இதே பொறி நாலைந்து பெயரில், டப்பாவின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு விற்கிறது. படத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்வீர்கள்: மேலே சின்ன சோலார் தகடு, நடுவில் ஊதா வெளிச்சம் தரும் எல்.இ.டி. குழல், அதைச் சுற்றி மூன்று பிளாஸ்டிக் தடுப்பு, கீழே புனல், புனலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. பூச்சி வெளிச்சத்தைச் சுற்றும், தடுப்பில் மோதும், புனலில் வழுக்கித் தொட்டிக்குள் விழும். விலை 3,400 ரூபாய். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் படத்தில் கம்பம் இருக்கிறது. பெட்டிக்குள் இல்லை. கம்பம் தனியாக வாங்க வேண்டும்.

எங்களுக்குத் தாண்டிக்குடிக்குக் கீழே இரண்டேகால் ஏக்கர். காபியும் மிளகும் பிரதானம், ஓடை ஓரமாக ஏலம், வேலியோரம் நாலு கொய்யா, வீட்டை ஒட்டி இரண்டு பட்டர் ஃப்ரூட் மரம். நிழலுக்கு சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை. போன வருஷம் ஏலத்தட்டைகளில் நடுக்குருத்து மட்டும் காய்ந்து வைக்கோல் மாதிரி நின்றது. இழுத்தால் கையோடு வந்துவிடும். தட்டையின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை, ஓட்டை வாயில் ஈர மரத்தூள் மாதிரி புழுவின் கழிவு. கீறிப் பார்த்தால் உள்ளே வெளிறிய ரோஸ் நிறத்தில் புழு. உடம்பு நெடுக மருக்கள், மருவுக்கு ஒரு மயிர். பூச்சரத்தையும் விடவில்லை, பிஞ்சுக் காயையும் விடவில்லை. நாங்கள் காலண்டரைப் பார்த்து மருந்தடித்தோம். மருந்து தட்டையின் வெளியே வழிந்தது. புழு உள்ளே சௌக்கியமாக இருந்தது.

கீழே உரக்கடையில் சொன்னதும் அண்ணாச்சி இந்தப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"விளக்கப் போட்டா வந்து விழுந்து செத்துரும்க்கா."

"எதுண்ணே விழும்?"

"எல்லாந்தான்."

அப்போது அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சோலார் என்ற சொல்லை நம்பி

ஏலம் நிழலில் வளர்கிற பயிர். காலை பத்து மணிக்குக்கூட எங்கள் ஓடையோரம் தரையில் விழும் வெயிலை விரல்விட்டு எண்ணலாம். அதற்கு நடுவில் சோலார் தகட்டை நட்டு வைத்தால் எங்கே சார்ஜ் ஏறும்? முதல் நாள் விளக்கு எரிந்தது, கடையில் இருந்தபோது ஏறிய சார்ஜ். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் மின்மினி அளவுக்கு மினுக்கிவிட்டு அணைந்தது. கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த தம்பி, "மேடம், ஓப்பன் ப்ளேஸ்ல வைங்க" என்றார். தோட்டத்தில் திறந்த இடம் என்றால் காபி காயப்போடுகிற களம் ஒன்றுதான். அங்கே ஏலம் இல்லை, ஏலப்பூச்சியும் இல்லை.

கடைசியில் பண்ணைக்காட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து தகட்டைத் தனியாகக் கழற்றிக் களத்து ஓரமாக மாட்டி, அங்கிருந்து நாற்பதடி ஒயர் இழுத்து விளக்குக்குக் கொடுத்தார். ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். அன்றிலிருந்து விளக்கு ஒழுங்காக எரிகிறது. வாங்குவதற்கு முன் தகடும் விளக்கும் தனித்தனியாகக் கழலுமா என்று கேளுங்கள். ஒன்றாக வார்த்த மாடலும் இருக்கிறது. அது நிழல் தோட்டத்துக்கு ஆகாது.

கம்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாசியில் ஒரு ராத்திரி காட்டுமாடு வந்து முதுகு சொறிந்திருக்கிறது. காலையில் பார்த்தால் ஒன்றரை அங்குலக் குழாய் வில்லாக வளைந்து, விளக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதில் கம்பெனிமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது பலாமரக் கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். ராட்டினம் மாதிரி இறக்கிக்கொள்ளலாம், அதுவும் வசதிதான்.

தொட்டிதான் பெரிய குறை

இந்தப் பொறியில் எனக்குப் பிடிக்காதது அந்தத் தொட்டி. தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் பூச்சி மிதக்காது, முங்கிவிடும். மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தொட்டியை எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து, துடைப்பக்குச்சியால் பிரித்துப் பார்த்தேன். (அந்தத் தட்டு இப்போது சமையலறைக்குள் வருவதில்லை. மாமியார் உத்தரவு.) வண்டு வண்டாக இருந்தது. அந்துப்பூச்சியெல்லாம் ஊறிய கஞ்சி.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அந்துப்பூச்சியின் நிறமும் கோடும் புள்ளியும் இறகின் சதையில் இல்லை. மேலே ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும் செதில்களில் இருக்கிறது. கையில் பிடித்தால் விரலில் ஒட்டுகிற பொடி அதுதான். சோப்புத் தண்ணீர் அதைக் கழுவிவிடுகிறது. எந்தப் பூச்சி என்று சொல்லக்கூடிய ஒரே அடையாளத்தை அழித்துவிட்டு, "இந்தாங்க உங்க பூச்சி" என்று கையில் கொடுக்கிறது இந்தப் பொறி. தட்டில் கிடந்ததில் எது ஏலத்துக்கு எதிரி, எது வழிப்போக்கன் என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

சித்திரையில் முதல் மழை பெய்த ராத்திரி ஈசல் வந்து தொட்டி கரை தட்டி, புனலும் அடைத்து, விளக்கு உயரத்துக்கு நின்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், கோழிகளுக்கு விருந்து. இன்னொரு நாள் மலைத்தேனீ முப்பது நாற்பது தொட்டிக்குள் கிடந்தது. இந்தப் பெருந்தேனீ ராத்திரி வெளிச்சத்துக்கு வரும், தெருவிளக்கடியில் பார்த்திருப்பீர்கள். காபி பூத்தால் எங்களுக்கு வேலை செய்வதே அதுதான். அதற்குப் பிறகு ஒரு விடியலில் அட்லஸ் பூச்சி ஒன்று. ஒரு சாண் அகலத்தில், செம்பு நிறத்தில், இறகுக்கு நடுவில் கண்ணாடிச் சில்லு மாதிரி முக்கோணத்தோடு, புனலில் பாதி சிக்கி, பாதி வெளியே தொங்கிக்கொண்டு. வளர்ந்த அட்லஸ் பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஒரு வாரம் போல இருந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அந்த ஒரு வார ஆயுசும் என் 3,400 ரூபாய்ப் பொறியில் போய்விட்டதே என்று இருந்தது. அன்றைக்கே தொட்டியைக் கழற்றினேன். இப்போது அதில் புதினா வளர்கிறது.

வேட்டி கட்டியபின்

தொட்டிக்குப் பதில் வீட்டுக்காரரின் பழைய நாலு முழ வேட்டி. விளக்கைப் பலாமரத்தில் இறக்கித் தொங்கவிட்டு, இரண்டு குச்சிக்கு நடுவே வேட்டியை விரித்துக் கட்டினால் பூச்சி வந்து துணியில் உட்காரும். உயிரோடு, செதில் கலையாமல். மதுரையில் நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வந்தேன். விளக்கை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், அது புற ஊதா. துணியைப் பாருங்கள்.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூட்டம் குறையும். காற்றில்லாமல் மேகம் மூடிப் புழுக்கமாக இருந்தால் துணி நிறைந்துவிடும்.

நான் தேடிய பூச்சி இதுதான். இறகை விரித்தால் நுனிக்கு நுனி ஒரு அங்குலம் இருக்காது. வைக்கோல் மஞ்சள். உட்காரும்போது மற்ற பல பூச்சிகளைப் போலக் கூரையாக மடிப்பதில்லை, இறகை நன்றாக விரித்துத்தான் உட்காரும். மஞ்சள் மேல் கறுப்புப் புள்ளிகள். இறகில் மட்டுமில்லை, தோளில் புள்ளி, முதுகில் புள்ளி, வயிற்றில் வளையத்துக்கு வளையம் புள்ளி. இறகின் அடியில் ரெண்டு மூன்று, நடுவில் கொஞ்சம் பெரிதாக, வெளி ஓரத்துக்குப் போகப் போக வளைந்த வரிசையாக. ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் சந்தைப் பார்த்து நிற்கும், ஊடுபுள்ளிக் கோலம் மாதிரி. தோட்டத்தில் கூட வேலை பார்க்கிற அக்காவிடம் லென்ஸைக் கொடுத்தேன்.

"புள்ளி வச்சுட்டு கோலத்த இழுக்காம எந்திரிச்சுப் போயிட்டாளே" என்றார்.

லென்ஸில் பார்த்தால் புள்ளியின் விளிம்பு நறுக்கென்று முடியாது. கறுப்புச் செதில் ஒன்றிரண்டு மஞ்சளுக்குள் தள்ளிக் கிடக்கும், கோலமாவு சிந்தினாற்போல. மஞ்சள் செதில்கள் வெளிச்சத்துக்கு ஒரு பக்கம் பித்தளையாகவும் மறுபக்கம் வெறும் சந்தனமாகவும் தெரியும். வயிற்று நுனி கறுத்து மயிர்க்கற்றையாக இருந்தால் ஆண். நான் புள்ளிகளை எண்ணினேன். ஒன்றின் முன்னிறகில் 24, இன்னொன்றில் 27. பின்னிறகில் 13, 15. அதைவிட வேடிக்கை, ஒரே பூச்சியின் இடது இறகும் வலது இறகும் ஒத்துப்போகவில்லை. இரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும், வயதான பூச்சியில் செதில் உதிர்ந்து புள்ளியே காணாமல் போயிருக்கும்.

இங்கே கம்பெனியின் மேல் இரண்டாவது புகார். பெட்டியோடு ஒரு வண்ணத்தாள் வருகிறது, "உங்கள் எதிரியை அறிந்துகொள்ளுங்கள்" என்று தலைப்பு. அதில் "ஏலக்காய்த் துளைப்பான்" என்று போட்டிருக்கும் படத்தில் புள்ளியே கிடையாது. மஞ்சள் இறகு, குறுக்கே கறுத்த கோடுகள், ஓரத்தில் பட்டை. அது நெல் இலைச்சுருட்டுப் பூச்சி. அதன் புழு நெல் இலையையும் புல்லையும் சுருட்டிக்கொண்டு உள்ளிருந்து சுரண்டித் தின்னும். மஞ்சளாக இருந்தால் ஏலப்பூச்சி என்று யாரோ கணக்குப் போட்டு ஒட்டிவிட்டார்கள் போல. அந்தத் தாளை நம்பி முதல் இரண்டு வாரம் கோட்டுப்பூச்சியை எண்ணி நோட்டில் எழுதி வைத்திருந்தேன். "இன்னைக்கு பதினாலு வந்திருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன் வேறு. பதினாலும் ஏலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவை. கோடா, புள்ளியா என்று பார்க்கத் தெரியாமல் மருந்து அடித்திருந்தால் அந்தக் காசும் போயிருக்கும். படத்தை மாற்றச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

துணியில் வேறு யார் யார் வந்தார்கள் என்று எழுத ஆரம்பித்தால் இது நீண்டுவிடும், இருந்தாலும் இரண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிளைஃபோடஸ் என்ற பேரினத்தில் (பல இனங்கள் சேர்ந்த கூட்டம்) ஒன்று, பழுப்பு இறகில் ஜன்னல் வைத்த மாதிரி கண்ணாடித் திட்டுகள். அதன் வழியே வேட்டியின் நெசவு தெரிகிறது. அதன் பெயரில் வருகிற பைவிட்ராலிஸ் என்பதிலேயே கண்ணாடிக்கான லத்தீன் சொல் இருக்கிறது. புழு அத்தி, ஆல் வகை மரங்களின் இலை தின்னும். பலாப் பிஞ்சைத் துளைக்கும் பூச்சி இதற்குப் பங்காளி. இன்னொன்று பைகோஸ்பைலா. நம் ஆளுக்கு நேர் எதிர்: கறுப்பில் வெள்ளைப் புள்ளி, சாய்த்துப் பார்த்தால் மேலே ஊதா ஓடும், கல்யாண வீட்டுப் பட்டுப்புடவை மாதிரி. இவையெல்லாம் கிராம்பிடே என்ற ஒரே பெரிய குடும்பம்.

புள்ளிக்காரனின் பெயர்

விவசாயப் புத்தகங்களில் இது டைக்கோகுரோசிஸ் பங்க்டிஃபெராலிஸ் என்று இருக்கும். பழைய பெயர். இப்போது பேரினம் கோனோகெதிஸ், அந்தப் பேரினப் பெயரை மெய்ரிக் என்பவர் 1884ல் வைத்தார். பங்க்டிஃபெராலிஸ் என்ற பெயர் அதற்கும் முந்தியது, பிரெஞ்சுக்காரரான கெனே 1854ல் வைத்தது. "புள்ளி சுமப்பது" என்று அர்த்தம். கடைசியில் வருகிற "ஆலிஸ்" லின்னேயஸ் காலத்து வழக்கம். இந்தக் கூட்டத்துப் பூச்சிகளுக்கெல்லாம் பெயர் அப்படி முடிய வேண்டும், நம்மூரில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே முதலெழுத்தில் பெயர் வைப்பது மாதிரி.

ரொம்ப காலம் ஆமணக்குக் காயைத் துளைப்பதும் இதுதான், கொய்யாவையும் மாதுளையையும் துளைப்பதும் இதுதான், இஞ்சி, மஞ்சள், ஏலத் தண்டைத் துளைப்பதும் இதுதான் என்று ஒரே பெயரில் எழுதி வந்தார்கள். ஒரு பூச்சி ஆமணக்கும் தின்று ஏலமும் தின்னுமா என்ற சந்தேகம் ஆராய்ச்சிக்காரர்களுக்கே இருந்திருக்கிறது. பைன் மரத்தில் வளர்கிற கூட்டத்தை 2006ல் ஜப்பானியர்கள் தனி இனமாகப் பிரித்தார்கள். நம் ஏலத்துப் பூச்சி 2018ல் தனியாகப் பிரிந்தது. உடலமைப்பு, இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, மரபணு எல்லாம் பார்த்து, ஆமணக்குப் பூச்சி வேறு, ஏலப்பூச்சி வேறு என்று சொல்லி, கோனோகெதிஸ் சஹ்யாத்ரியென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். சஹ்யாத்ரி என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை. இதற்கு "ஆலிஸ்" இல்லை, மலையின் பெயர்.

எனக்கு ஆசை வந்துவிட்டது, நாமும் பிரித்துப் பார்ப்போமே என்று. காய்ந்த குருத்தோடு நாலு தட்டையை வெட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் கொசுவலைத் துணி கட்டினேன். வத்தலக்குண்டிலிருந்து என் மதினி புழு விழுந்த ஆமணக்குக் குலை கொண்டுவந்து கொடுத்தாள், அது இன்னொரு பாட்டில். ஏலத்திலிருந்து மூன்று பூச்சி வந்தது, ஆமணக்கிலிருந்து ஐந்து. எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் அரை நாள் பார்த்தேன். எட்டும் மஞ்சள், எட்டிலும் புள்ளி. இந்தப் புள்ளி இங்கே தள்ளியிருக்கிறது என்று ஒன்றில் கண்டுபிடித்தால் அதே தள்ளல் மற்ற பாட்டிலிலும் ஒன்றில் இருக்கும். என் கண்ணுக்கும் நகைக்கடை லென்ஸுக்கும் எட்டவில்லை. மதினி பார்த்துவிட்டு, "ரெட்டப் பிள்ளைகளப் பெத்தவதான் பிரிச்சுச் சொல்லணும்" என்றாள்.

ஆகவே வேட்டியில் வந்து உட்கார்கிற புள்ளிக்காரன் ஏலத்திலிருந்து வந்தவனா, வேலியோரக் கொய்யாவிலிருந்து வந்தவனா என்று விளக்கு சொல்லாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். துணியில் எண்ணிக்கை ஏறினால் மறுநாள் பகலில் ஏலச்செடித் தூர்களுக்குள் போய் இலைகளின் அடிப்பக்கம் பார்க்கிறேன். பகலில் இது அங்கேதான் ஒண்டியிருக்கும். தட்டையைத் தட்டினால் மஞ்சளாகப் பறந்து அடுத்த இலைக்கு அடியில் போய் ஒட்டும். அங்கே ஆள் இருந்தால் கணக்கில் சேர்ப்பேன். இல்லையென்றால் கொய்யா.

பத்தரை மணிக்கு மேல்

மூன்றாவது புகார், டைமர். இருட்டியதும் தானே எரிகிறது, நாலு மணி நேரம் கழித்துத் தானே அணைகிறது. நன்மை செய்யும் பூச்சிகள் பின்ராத்திரியில் வருமாம், அவை சாகக்கூடாது என்பதற்காக என்று தாளில் போட்டிருக்கிறார்கள். தொட்டி வைத்தால் நியாயம். ஆனால் எங்கள் தோட்டத்தில் புள்ளிக்காரர்கள் பெரும்பாலும் பதினோரு மணிக்கு மேல்தான் வருகிறார்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், எலக்ட்ரீஷியன் ஒயர் மாற்றும்போது டைமரைத் தாண்டி ஒரு சுவிட்ச் வைத்துவிட்டார், நான் கேட்காமலே. ஒரு ராத்திரி அணைக்க மறந்து தூங்கிவிட்டேன். ஒரு மணிக்கு நாய் குரைத்து எழுந்து போய்ப் பார்த்தால் துணியில் ஏழு மஞ்சள். அதற்கு முன் எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு "ஒண்ணுதான்" என்று எழுதிய நாட்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன். என் ஒரு தோட்டத்துக் கணக்கு இது, உங்கள் தோட்டத்தில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எனக்கு இது எதற்குப் பயன்பட்டது என்று. தாய்ப்பூச்சி பறந்து, முட்டையிட்டு, குஞ்சுப் புழு தட்டைக்குள் இறங்குவதற்கு நடுவில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். பூச்சி கிளம்பியதிலிருந்து பதினைந்து இருபது நாளுக்குள் மருந்து அடித்தால் புழு சின்னதாக, வெளியே அகப்படும். அதற்குப் பிறகு உள்ளே போய்விடும், அப்புறம் என்ன அடித்தாலும் தட்டையைக் குளிப்பாட்டுகிற கதைதான். முன்பு மாதம் தவறாமல் அடித்தோம், அதில் எது அந்த இருபது நாளில் விழுந்தது என்று முருகனுக்குத்தான் தெரியும். இந்த வருஷம் நோட்டில் எண்ணிக்கை ஏறிய இரண்டு தடவை மட்டும், இலையடியிலும் பார்த்து உறுதி செய்துகொண்டு, அடித்தோம். புரட்டாசியில் தட்டைகளை எண்ணிப் பார்த்தபோது அடிபட்டது நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இருந்தது. அந்த அளவில் இருந்தால் மருந்தே வேண்டாம், கழிவு தள்ளியிருக்கும் தட்டைகளை அறுத்தெடுத்து அழித்தால் போதும் என்கிறார்கள். அறுத்தெடுத்தோம். இதில் விளக்கின் பங்கு எவ்வளவு, இந்த வருஷத்து மழையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. மருந்துச் செலவு குறைந்தது மட்டும் நோட்டில் இருக்கிறது.

காபிக்காரர்களுக்கு

பக்கத்துத் தோட்டத்து மாமா நான் வாங்கியதைப் பார்த்துவிட்டு இரண்டு விளக்கு வாங்கிவிட்டார், காபித் தண்டுத் துளைப்பானுக்கு. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது வண்டு. பகல் வெயிலில் திரிகிற வண்டு, ராத்திரி விளக்குக்கு வராது. காய்த்துளைப்பானும் வண்டுதான், அதற்கு ஆல்கஹால் கலவை வைத்துக் கட்டுகிற பொறி தனியாக இருக்கிறது. "துளைப்பான்" என்று பெயர் முடிந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். இதைக் கடையில் சொல்வதுமில்லை. மாமா இப்போது ஒன்றை மாட்டுத்தொழுவத்தில் மாட்டியிருக்கிறார், கொசுவுக்கு. கொசுவும் அதற்குப் பெரிதாக வருவதில்லை. "வெளிச்சமாவது இருக்குல்ல தாயி" என்கிறார்.

சர்வீஸ்

ஒரு வருஷ வாரண்டி என்று எழுதியிருக்கிறது. ஆவணியில் பேட்டரி படுத்தது. முழு வெயிலில் இருந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. போன் போட்டால், விளக்கை முழுசாகக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் ஊருக்குக் கூரியர் வராது, வத்தலக்குண்டு போக வேண்டும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டைஊசி வளைவெல்லாம் இறங்கிப் போய் அனுப்பிவிட்டு வந்தேன். முப்பத்தெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. பேட்டரி புதுசு, சரி. என் சுவிட்சைக் கழற்றிவிட்டார்கள். "அது கம்பெனி ஃபிட்டிங் இல்ல மேடம்." எலக்ட்ரீஷியனுக்கு மறுபடியும் 150.

இப்போது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது, களத்துத் தகட்டில் நாலு நாளாக வெயில் படவில்லை. விளக்கு எரியாத ராத்திரிகளில் வேட்டியை மடித்து வைத்துவிட்டுத் தூங்குகிறேன். சார்ஜருக்கு ஒரு சாக்கெட் வைத்திருந்தால் வீட்டுக் கரண்டில் ஏற்றிக்கொண்டிருக்கலாம், இந்த மாடலில் அது இல்லை. கூட 300 ரூபாய் போட்டால் சாக்கெட் உள்ள மாடல் கிடைக்கிறதாம், மலைக்காரர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். அஞ்சுக்கு மூணு நட்சத்திரம். தொட்டி, வண்ணத்தாள் இரண்டையும் எடுத்துவிட்டு விற்றால் நாலு.

நேற்று மழை விட்ட கொஞ்ச நேரம் சமையலறை டியூப்லைட்டுக்கே ஒரு புள்ளிக்காரன் வந்து சுவரில் உட்கார்ந்திருந்தான். மாமியார் துடைப்பத்தை எடுத்தார். "இருங்க அத்தே, எண்ணிக்கிறேன்" என்று லென்ஸைத் தேடப் போனேன். திரும்பி வருவதற்குள் பல்லி எண்ணிவிட்டது.